திருடன் மெழுகுவர்த்தி கேட்டு வாங்குவானா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியினருக்கும், வெளியே இவ்வளவு பனி கொட்டியும் பொங்கல் விழாவுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டே நிமிடம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

இன்றைய தலைப்பு: அமெரிக்க விடுதலைக்கு வித்திட்டது அறிஞர்களின் பேனாவா, துறைமுகத்துத் தேயிலைப் பெட்டியா? நான் தேயிலைப் பெட்டியின் பக்கம். முறைப்படி 1765ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் பிரிட்டன் போட்ட முத்திரை வரியில் ஆரம்பித்து ஆண்டு வாரியாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். நீங்களும் கூரை அதிரக் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு அடுத்த வாக்கியம் ஓடாது.

அக்கா என்ன சொன்னார்? "ராத்திரி நேரத்துல, மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு, அடுத்தவன் கப்பல்ல ஏறிப் பெட்டியை உடைக்கிறவனுக்கு எங்க ஊர்ல ஒரே பேர்தான். திருடன். திருடனைப் புரட்சிக்காரன்னு சொல்றதுக்கா இந்த அணி வந்திருக்கு?"

அக்கா, நீங்கள் என்னைவிட மூத்தவர். இந்த ஊருக்கு நான் வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டவர். அந்த உரிமையில் கேட்கிறேன். உங்கள் ஊரில் எந்தத் திருடன் வீட்டுக்காரரை எழுப்பி, "ஐயா, அறைச் சாவியைக் கொடுங்கள், அப்படியே வெளிச்சத்துக்கு ஒரு டஜன் மெழுகுவர்த்தியும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திருடினான்?

சிரிக்காதீர்கள். இது நடந்தது. இந்த மண்டபத்திலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் பாஸ்டன். அங்கே கிரிஃபின் கப்பல்துறை என்று ஒரு துறை. 1773 டிசம்பர் 16, வியாழக்கிழமை இரவு. டார்ட்மவுத், எலினோர், பீவர் என்று மூன்று கப்பல்கள் நிற்கின்றன. முகத்தில் கரி பூசி, மோஹாக் பழங்குடியினர் போலக் கம்பளி போர்த்திக்கொண்டு, கையில் சிறு கோடரியோடு கூட்டமாக வருகிறார்கள். மூன்று கப்பலுக்கு மூன்று குழு. அதில் ஒரு குழுவில் ஜார்ஜ் ஹியூஸ் என்று ஒருவர். தொழில், செருப்பு தைப்பது. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வயது 31. நன்றாகச் சீட்டி அடிப்பார் என்பதற்காக அவரை அந்தக் குழுவுக்கு ஒரு சின்னப் பொறுப்பில் வைத்தார்கள். பின்னாளில் கிழவராகி உட்கார்ந்து அவரே சொன்ன கதைதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. கப்பல் கேப்டனிடம் போய்ச் சரக்கறைச் சாவியையும் ஒரு டஜன் மெழுகுவர்த்தியையும் கேட்டு வா என்று அவரை அனுப்பினார்கள். போனார். கேட்டார். கேப்டன் உடனே கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "கப்பலுக்கும் பாய்மரக் கயிறுகளுக்கும் சேதம் வேண்டாம்."

சேதம் வரவில்லை. கீழே இறங்கிப் பெட்டிகளை மேலே தூக்கினார்கள். கோடரியால் பிளந்து, தேயிலையைக் கொட்டி, பெட்டியையும் கடலில் எறிந்தார்கள். மூன்று மணி நேரம். 340 பெட்டி. 92,000 ராத்தலுக்கு மேல் எடை. நம் கணக்கில் ஏறக்குறைய 42 டன். அன்றைய விலையில் 9,659 பவுண்டு. சுற்றிலும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நிற்கின்றன. ஒரு சண்டை இல்லை. ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை. அப்போது கடல் வற்றியிருந்த நேரம் வேறு. கொட்டிய தேயிலை தண்ணீரில் கரையாமல் வைக்கோல் போர் மாதிரி கப்பல் ஓரத்தில் குவிந்துகொண்டே போகிறது. அதைத் தள்ளிவிடுவதற்கென்று தனியாகச் சிறுவர்கள், தொழில் பழகும் பையன்கள், சேற்றில் இறங்கி நின்றார்கள்.

இப்போது சொல்லுங்கள் அக்கா, திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டுமே! அந்த இரவில் எடுத்துக்கொண்டு போக நினைத்தவர்களும் இருந்தார்கள். மறைக்க மாட்டேன். ஓகானர் என்று ஒருவர். பெரிய மனிதர், அவரும் ஒரு கேப்டன்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கோட்டுப் பையிலும் உள்துணிக்குள்ளும் தேயிலையைத் திணித்துக்கொண்டார். நம் ஹியூஸ் பார்த்துவிட்டார். ஓகானர் குதித்து ஓடப் பார்க்க, ஹியூஸ் எட்டிக் கோட்டின் வாலைப் பிடித்தார். கோட்டு கிழிந்து கையோடு வந்துவிட்டது! துறையில் நின்றவர்கள் ஆளுக்கொரு உதை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அந்தக் கோட்டுத் துணியை, ஓகானர் குடியிருந்த சார்ல்ஸ்டவுனில், குற்றவாளிகளைக் கட்டி வைத்து அடிக்கும் கம்பத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்கள்.

இன்னொருவர் வயதானவர். உயரமான ஆள், தலையில் பெரிய தொப்பி, அதற்குக் கீழே வெள்ளை டோப்பா. அவரும் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். பிடித்தார்கள். தொப்பியையும் டோப்பாவையும் கழற்றி, பையிலிருந்த தேயிலையோடு சேர்த்துக் கடலில் போட்டார்கள். வயதைப் பார்த்து லேசாக ஒன்றிரண்டு தட்டோடு விட்டுவிட்டார்கள்.

ஐயா, இதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் கூலிக்காரர்கள், தச்சர்கள், செருப்பு தைப்பவர்கள், வேலை பழகும் பையன்கள். அவர்களில் பலருக்கு ஒரு பெட்டித் தேயிலை என்பது கனவிலும் வாங்க முடியாத பணம். அது காலடியில் குவிந்து கிடக்கிறது. இருட்டு. முகத்தில் கரி. யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிடி எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எடுக்கவில்லை. எடுத்தவனையும் விடவில்லை.

இதையெல்லாம் விடுங்கள். நான் சொல்ல வந்தது பூட்டைப் பற்றி.

அந்த இரவில், தேயிலையைத் தவிர, அந்த மூன்று கப்பல்களிலும் உடைந்த பொருள் ஒன்றே ஒன்று. ஒரு சின்னப் பூட்டு. கப்பல் கேப்டன் ஒருவரின் சொந்தப் பூட்டு. வேலை வேகத்தில் உடைந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? வேறு ஒரு பூட்டு வாங்கி அந்தக் கேப்டனுக்கு அனுப்பி வைத்தார்கள்.

திரும்பவும் சொல்கிறேன். பின்வரிசையில் காபி வாங்கப் போனவர்களும் வந்துவிட்டார்கள், அவர்களும் கேட்கட்டும். 9,659 பவுண்டு தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள், ஒரு பூட்டு உடைந்தது என்று பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். தேயிலைக்கு ஈடு கொடுக்கச் சொன்னது லண்டன் நாடாளுமன்றம். கொடுக்க மாட்டோம் என்றது பாஸ்டன். பூட்டுக்கு ஈடு யாரும் கேட்கவே இல்லை. தாமாகக் கொடுத்தார்கள்! ஏன்? தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. பூட்டு ஒரு மனிதனுடையது. தாங்கள் யாரோடு சண்டை போடுகிறோம், யாரோடு சண்டை இல்லை என்பது கரி பூசிய அந்த முகங்களுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பூட்டை உடைத்தவனைத் திருடன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது அக்கா. பூட்டு வாங்கிக் கொடுத்தவனை என்னவென்று சொல்வீர்கள்? (அக்கா தலையை ஆட்டுகிறார். நடுவர் ஐயா அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.)

சரி, தலைப்புக்கு வருகிறேன். எதிரணியில் தம்பி ஒருவர் கேட்டார், "அந்த டீ விலை மலிவான டீ. மலிவாகக் கொடுத்ததைக் கொட்டுவானேன்?" நல்ல கேள்வி. வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் தம்பி வந்திருக்கிறார். ஆமாம், மலிவுதான். கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவாலாகும் நிலை. லண்டன் கிடங்குகளில் 1 கோடியே 70 லட்சம் ராத்தல் தேயிலை விற்காமல் கிடக்கிறது. கம்பெனியைக் காப்பாற்ற 1773 மே மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். ஏலம் விட வேண்டாம். இடையில் வியாபாரிகள் வேண்டாம். கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி, தானே பொறுக்கி எடுத்த முகவர்கள் மூலம் விற்கலாம். டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளக்கடத்தலில் வந்த டீயோடு விலையில் போட்டி போடுகிற அளவுக்கு இறங்கியது. ஆனால் ராத்தலுக்கு மூன்று பென்னி வரி மட்டும் அப்படியே இருக்கும். அந்த மூன்று பென்னியில்தான் சூட்சுமம்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சண்டை போட்ட பங்காளி வீட்டில் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், அப்புறம் சண்டை இல்லை என்று அர்த்தம். அதனால்தான் மானஸ்தன் பந்திக்கே போக மாட்டான். பாயசம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் போக மாட்டான். இந்த மூன்று பென்னியும் அந்தப் பந்திதான். எங்கள் சார்பில் ஒரு உறுப்பினர்கூட இல்லாத நாடாளுமன்றம் எங்கள் மேல் வரி போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கு. வரியோடு சேர்ந்த அந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டால், போடலாம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. மலிவாகக் கொடுத்ததே ஒப்புக்கொள்ள வைக்கத்தான்.

பாஸ்டனில் அந்த டீயை விற்கும் முகவர்கள் யார் தெரியுமா? ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் இரண்டு மகன்களும் அதில் உண்டு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. டெண்டர் யாருக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாத கதையா!

எதிரணி பேனாவைப் பற்றி அழகாகப் பேசியது. அந்தப் பேனாக்களை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1770இல் மற்ற இறக்குமதிப் பொருள்களின் மீதிருந்த வரிகளை நீக்கிவிட்டு, டீ வரியை மட்டும் லண்டன் விட்டு வைத்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் என்ன நடந்தது? பேனாக்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தன. ஊர் தணிந்துபோய்விட்டது. வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. டார்ட்மவுத் கப்பல் 1773 நவம்பர் 28 அன்று துறைமுகத்துக்குள் வந்த பிறகுதான், சுமார் 16,000 பேர் வாழ்ந்த நகரத்தில், 5,000 பேருக்கு மேல் ஒரு தேவாலயத்தில் திரண்டார்கள். இருபது நாளுக்குள் வரி கட்டி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றுவார்கள். திரும்பிப் போகக் கப்பல் முதலாளி தயார். ஆளுநர் அனுமதிச் சீட்டு கொடுக்க மறுத்துவிட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு இரவே கோடரி எடுத்தார்கள்.

கொட்டிய பிறகு பேனாக்காரர்கள் என்ன சொன்னார்கள்? பெஞ்சமின் பிராங்ளின் லண்டனிலிருந்து எழுதினார், கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுத்துவிடுங்கள் என்று. ஜார்ஜ் வாஷிங்டன் தேயிலையை அழித்ததை ஏற்கவில்லை. நான் சொல்லவில்லை, அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதினார்: பாஸ்டனின் வழக்கு அமெரிக்காவின் வழக்கு. அது 1774 ஜூன். என்ன நடந்தது இடையில்? தண்டனையாக ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடிவிட்டார்கள். டீக்குப் பணம் கட்டும்வரை ஒரு படகு சரக்கு உள்ளே போகக் கூடாது. மூன்று கப்பலில் நடந்த விஷயத்துக்கு ஒரு ஊரே பட்டினி கிடக்க வேண்டும் என்றார்கள்.

அப்போது பாருங்கள் ஐயா, பக்கத்து ஊர்கள் செய்ததை. மார்பிள்ஹெட் என்று ஒரு துறைமுகம், வியாபாரத்தில் பாஸ்டனுக்குப் போட்டி. பாஸ்டன் மூடினால் அவர்களுக்குத்தான் லாபம். அவர்கள் பாஸ்டன் வியாபாரிகளைக் கூப்பிட்டு, எங்கள் துறையையும் கிடங்கையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். தெற்கே கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. கனெக்டிகட்டிலிருந்து இஸ்ரேல் புட்னம் என்ற பழைய போர்வீரர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். வட கரோலினாவில் ஈடன்டன் என்ற சின்ன ஊரில் 51 பெண்கள் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள், இந்த எதிர்ப்பில் நாங்களும் உண்டு என்று. இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கைதட்டலாம்! அந்த செப்டம்பரில் பிலடெல்பியாவில் முதல் மாநாடு கூடியது. பன்னிரண்டு குடியேற்றங்களின் ஆட்கள் ஒரே அறையில். அடுத்த ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. அதற்கடுத்த ஆண்டு ஜூலையில் சுதந்திரப் பிரகடனம். அதை எழுதியது பேனாதான். நான் மறுக்கவில்லை. அந்தப் பேனாவைத் தொட்ட மை எந்தத் துறைமுகத்துத் தண்ணீர் என்றுதான் கேட்கிறேன்.

ஜான் ஆடம்ஸ், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர், எதிரணி அரை மணி நேரம் புகழ்ந்த பேனாக்காரர், கொட்டிய மறுநாள் தம் நாட்குறிப்பில் எழுதினார்: இதில் ஒரு கண்ணியம் இருக்கிறது, ஒரு மாட்சிமை இருக்கிறது, இது வரலாற்றில் ஒரு சகாப்தம். அதே ஆடம்ஸ் அடுத்த கோடையில் முப்பது மைலுக்கு மேல் பயணம் செய்து களைத்துப்போய் ஒரு விடுதியில் இறங்கினார். விடுதிக்கார அம்மாவிடம் கேட்டார், "அம்மா, வரி கட்டாத டீ, நேர்மையாகக் கடத்தி வந்த டீ, ஒரு கோப்பை கிடைக்குமா?" அந்த அம்மா, "இல்லை ஐயா, இந்த ஊரில் டீயை விட்டுவிட்டோம். வேண்டுமானால் காபி போட்டுத் தருகிறேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் மாலையில் காபிதான் குடித்தேன், பழகிக்கொண்டுவிட்டேன் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். நான் தஞ்சாவூர்க்காரன். ஒரு பெரிய தலைவரைக் காபிக்கு மாற்றிய அந்த விடுதிக்கார அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டம் படித்த தலைவர் மறந்ததை, அடுப்படியில் நின்றவர் மறக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா, முடித்துவிடுகிறேன்.

அந்தச் செருப்பு தைக்கிற ஹியூஸிடம் திரும்பிப் போகிறேன். தேயிலை கொட்டுவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்னால், ஜான் ஹான்காக் என்ற பெரும் பணக்காரருக்கு அவர் ஒரு செருப்பு செப்பனிட்டுக் கொடுத்தார். ஹான்காக் மகிழ்ந்து, புத்தாண்டு அன்று வீட்டுக்கு வா என்றார். ஹியூஸ் குளித்து, இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். அந்த மாளிகைக்குள் நின்றபோது கைகால் நடுங்கியதாம், உயிரே போகிற மாதிரி இருந்ததாம். கிழவரான பிறகும் அந்த நடுக்கம் மறக்காமல் சொல்லியிருக்கிறார். ஹான்காக் அவர் நலத்துக்கு ஒரு மடக்கு மது குடித்து, ஒரு வெள்ளிக்காசு கொடுத்து அனுப்பினார்.

அதே ஹியூஸ், தேயிலை கொட்டியதற்குச் சில ஆண்டுகள் கழித்து, போர் நடக்கிறது, கப்பலில் வேலைக்குச் சேரப் போகிறார். தெருவில் ஒரு அதிகாரி நிறுத்தி, "என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்று" என்கிறார். "எந்த மனிதனுக்கும் நான் தொப்பியைக் கழற்ற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹியூஸ் அந்தக் கப்பலில் சேராமலே போய்விட்டார். அந்தக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ஹான்காக்!

நடுங்கிய அந்த முதுகு எங்கே நிமிர்ந்தது? எந்தப் பேனாவும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை ஐயா. மூன்று மணி நேரம் இருட்டில், குளிரில், கையில் கோடரியோடு நின்ற அந்த இரவில் நிமிர்ந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது என் ஊர்க் கதை. 1773 செப்டம்பரில் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நுழைந்தது. துளஜா மன்னரைச் சிறை வைத்தது. அதே ஆண்டு, அதே கம்பெனி, மூன்று மாதம் கழித்து, பாஸ்டனில் பெட்டியோடு நின்றது. அந்தத் தேயிலை சீனத்துத் தேயிலை. அதை வாங்கக் கம்பெனிக்குக் கை கொடுத்தது வங்காளத்தில் வசூலித்த நிலவரிப் பணம். 1770இல் பஞ்சத்தில் செத்தார்களே, அந்த வங்காளம். இதை நான் இன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1773 நவம்பரில், பெட்டி இறங்குவதற்கு முன்பே, ஜான் டிக்கின்சன் என்ற அமெரிக்கர் புனைபெயரில் எழுதினார். ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டதாகச் சொல்கிறார்கள், பூமி விளைய மறுத்ததால் இல்லை, இந்தக் கம்பெனியும் அதன் ஆட்களும் வாழத் தேவையானதையெல்லாம் வளைத்துப்போட்டு ஏழை வாங்க முடியாத விலை வைத்ததால் என்று எழுதினார். இது பேனாதான் அக்கா, உங்கள் அணியின் பேனா, தலை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பேனாவை அழ வைத்தது எது? ஒரு டீப்பெட்டி. இந்தியாவை ஒருநாளும் பார்க்காத ஒருவர், முகம் தெரியாத நம் சனங்களுக்காக, அந்தப் பெட்டியைப் பார்த்து அழுதார்.

போன கோடையில் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நயாகரா எல்லாம் காட்டினேன், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்டனில் பழைய அரசு மாளிகை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறார்கள். தாமஸ் மெல்வில் என்பவர் அன்றிரவு கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனபோது, அவர் செருப்புக்குள் ஒட்டிக்கொண்டு வந்த தேயிலை. வீட்டில் அதை எடுத்துக் குப்பியில் போட்டுப் பத்திரமாக வைத்துவிட்டார்கள். கைப்பிடி அளவுகூட இல்லை. கறுத்துப்போய்க் கிடக்கிறது.

அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "இவ்ளோ தூளையா இத்தனை வருஷம் வச்சிருக்காங்க?" என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன். மூன்று கப்பல், கரி பூசிய முகம், மெழுகுவர்த்தி, பூட்டு. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் வந்த அதே கம்பெனியின் பெட்டி என்று சொன்னேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேனா பிடித்ததில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அப்புறம் ஒரு ஓரமாகப் போனார். என்னவோ கால் வலிக்கிறது போல என்று நான் நினைத்தேன். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்து அந்தக் குப்பிக்கு முன்னால் நின்றார்.

நன்றி ஐயா. வணக்கம்.